ரிக்கிலிருந்து போகும் குரல் கிழிகிறதா? மூடியைக் கழற்றும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

"ஓஎம், சிக்னல் நல்லா இருக்கு, ஆனா மாடுலேஷன் கொரகொரன்னு வருது." ஓஎம் என்பது ஹாம்கள், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்கள், ஒருவரை ஒருவர் அழைக்கும் சொல். 40 மீட்டர் பேண்டில் (7 மெகா ஹெர்ட்ஸ்) இப்படி ஒரு ரிப்போர்ட் வந்ததும் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ரிக்கின், அதாவது அனுப்பவும் கேட்கவும் பயன்படும் ரேடியோப் பெட்டியின், மூடியைக் கழற்றி, கண்ணில் படும் ட்ரிம்மரை (அளவைச் சரிசெய்யும் சின்னத் திருகை) ஸ்க்ரூ டிரைவரால் திருப்புகிறார்கள். அதுவரை ஒரு பழுது இருந்தது. இப்போது இரண்டு.

குரல் கெடுவதற்கான காரணங்களில் பல ரிக்கிற்கு வெளியேதான் இருக்கும். ஆகவே இங்கே வரிசை வெளியிலிருந்து உள்ளே போகிறது. ஒரு படி முடியாமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம். ஏன் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன். 40 மீட்டர் எஸ்எஸ்பியை (ஒற்றைப் பக்கப்பட்டை, குரல் அனுப்பும் முறை) வைத்தே எழுதுகிறேன். மூடியைத் திறக்க வேண்டிய பகுதிக்கு நம் ஊரில் பலரிடம் இருக்கும் பிட்எக்ஸ்40 என்ற 40 மீட்டர் ரேடியோ போர்டை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கடையில் வாங்கிய 100 வாட் ரிக்குக்கும் முதல் ஏழெட்டுப் படிகள் அப்படியே பொருந்தும்.

1. முதலில் மேஜைக்கு வர வேண்டியவை

டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிச் சூடாக்கிவிடும் ரெசிஸ்டர்) இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். 50 ஓம் கட்டாயம். 1 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் 20 வாங்கி இணையாகக் கோர்த்தால் 50 ஓம், 40 வாட் ஆகிவிடும். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் சிலர் வெள்ளை செங்கல் மாதிரி இருக்கும் சிமென்ட் ரெசிஸ்டரைக் கொடுப்பார்கள். வேண்டாம். அதன் உள்ளே கம்பி சுற்றியிருக்கும், 7 மெகா ஹெர்ட்ஸில் அது ஒரு காயில். கார்பன் ஃபிலிம் அல்லது மெட்டல் ஆக்ஸைடு என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்து மல்டிமீட்டர், எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ஆன்டெனாவிலிருந்து பவர் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டுவது), முழுதாக சார்ஜ் ஆன ஒரு 12 வோல்ட் பேட்டரி. பிறகு உங்கள் சிக்னலை நீங்களே கேட்க இன்னொரு ரிசீவர். பழைய ரிக் போதும். ஹெச்எஃப் கேட்கக்கூடிய ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகி, சிக்னலைத் திரையில் கோடுகளாகக் காட்டும் சின்ன ரிசீவர்) இருந்தால் கண்ணாலும் பார்க்கலாம். ஹெட்ஃபோன் அவசியம், ஸ்பீக்கரில் கேட்டால் அந்தச் சத்தம் மைக்கில் ஏறி ஊளையிடும்.

ஆஸிலாஸ்கோப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். இரண்டு செல்போன்களில் டோன் ஜெனரேட்டர் செயலி போட்டு வையுங்கள். இரண்டு எதற்கு என்பது பத்தாவது படியில்.

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை எழுதுங்கள். ஃபெரைட்டை மாட்டி, மைக் கெயினைக் குறைத்து, ஒயரையும் மாற்றிவிட்டால் குரல் சரியாகலாம். ஆனால் எது சரி செய்தது என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

2. ரிப்போர்ட் உண்மைதானா?

ஒரே ஒருவர் சொன்னதை நம்பி வேலையில் இறங்க வேண்டாம். பக்கத்துத் தெருவில் இருப்பவரின் ரிசீவர் உங்கள் சிக்னலில் திணறிப்போயிருக்கும். அவருக்கு உலகமே கொரகொரதான். எஸ்எஸ்பியில் சில நூறு ஹெர்ட்ஸ் தள்ளி டியூன் செய்தாலே குரல் வாத்துக் குரல் ஆகிவிடும்.

அதனால் வெவ்வேறு தூரத்தில் உள்ள இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "அருமை, 59" (தெளிவுக்கும் வலிமைக்கும் முழு மதிப்பெண்) என்றுதான் பதில் வரும், நம் மக்கள் மரியாதைக்காரர்கள். கேள்வியைக் குறிப்பாக வையுங்கள்: சத்தமாகப் பேசும்போது மட்டும் கிழிகிறதா, எப்போதுமா? பேசாமல் மைக்கை அழுத்தினால் உர்ர் சத்தம் வருகிறதா? 3 கிலோ ஹெர்ட்ஸ் தள்ளிப் போனாலும் என் சத்தம் கேட்கிறதா?

இணையத்தில் திறந்திருக்கும் கிவிஎஸ்டிஆர் ரிசீவர்களில் உங்கள் சிக்னல் எட்டும் ஒன்றைப் பிடித்து நீங்களே பதிவு செய்துகொள்வது இன்னும் நல்லது. பதிவு செய்யும்போது ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து பத்து வரை சாதாரணமாக எண்ணி, கடைசியில் ஐந்து விநாடி "ஆஆஆ" என்று இழுங்கள். "பத்து"வின் ப வெடித்து வரும், அது உச்ச அளவைச் சோதிக்கும். இழுத்த "ஆ"வில் ஹம், நடுக்கம் இருந்தால் மறைய இடமில்லை. வேலை முடிந்த பிறகும் இதே வாக்கியம்தான். அப்போதுதான் முன்னும் பின்னும் ஒப்பிட முடியும்.

3. கெட்டிருப்பது எந்த மாதிரி?

பதிவைக் கேட்டு ஒரு பெயர் வைத்துவிட்டால் தேடும் இடம் சுருங்கும்.

பேசாதபோதும் ஹம் இருந்தால் பவர் சப்ளை அல்லது எர்த் லூப். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபையர் தாண்டி வரும் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ். எஸ்எஸ்பி ஃபில்டர் பொதுவாக 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும். எனவே காதுக்கு வருவது பெரும்பாலும் அதன் மேல் மடங்குகளான கரகரப்பு.

சத்தமாகப் பேசும்போது மட்டும் கிழிந்தால் அளவு மீறிய டிரைவ் (ஆம்ப்ளிஃபையருக்குள் தள்ளும் சிக்னல்). மெதுவாகப் பேசும்போது கிழிந்து, உரக்கப் பேசினால் ஓரளவு தெளிந்தால் பயாஸ் (பேசாதபோதே கடைசி ட்ரான்ஸிஸ்டரில் ஓட விடும் ஆரம்பக் கரண்ட்) குறைவு. இந்தத் தலைகீழ் அடையாளத்தைப் பலர் கவனிப்பதே இல்லை.

ஆன்டெனாவில் கெட்டு, டம்மி லோடில் நன்றாக இருந்தால் ஆர்எஃப் (ரேடியோ அலை) திரும்பி வருகிறது. தகர டப்பாவுக்குள் பேசுகிற மாதிரியோ போர்வைக்குள் பேசுகிற மாதிரியோ இருந்தால் பிஎஃப்ஓ (எஸ்எஸ்பி சிக்னலின் அடிப்படை அலையைத் தரும் உள் ஆஸிலேட்டர்) இடம் மாறியிருக்கிறது. நீரில் முங்கி எழுவதுபோல் சுருதி ஆடினால் ஆஸிலேட்டருக்குப் போகும் வோல்டேஜ் ஆடுகிறது.

இது ஊகம்தான், தீர்ப்பு இல்லை. இதை வைத்துக்கொண்டு நேராக பயாஸுக்குப் போகாதீர்கள்.

4. வோல்டேஜ்: பேசும்போது அளக்க வேண்டும்

எல்லாவற்றுக்கும் முன்னால் பவர் சப்ளை, ஏனென்றால் மற்ற எல்லா அளவீடும் இதன் மேல்தான் நிற்கிறது. தாழ்ந்த வோல்டேஜில் பயாஸைச் சரி செய்துவிட்டு, பிறகு ஒயரை மாற்றினால் அந்த பயாஸ் தப்பாகிவிடும்.

மல்டிமீட்டரை பவர் சப்ளையின் முனையில் வைக்க வேண்டாம், ரிக்கின் பின்பக்க முனையில் வையுங்கள். டம்மி லோடைப் போட்டு மைக்கை அழுத்தி "ஆஆஆ" சொல்லுங்கள். 13.8 வோல்ட் எவ்வளவுக்கு இறங்குகிறது? அரை வோல்ட் வரை பரவாயில்லை. ஒரு வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் இங்கேயே நில்லுங்கள்.

100 வாட் ரிக் உச்சத்தில் 20 ஆம்பியர் அளவு இழுக்கும். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லி ஓம். 2 மீட்டர் தூரம் என்றால் போக வர 4 மீட்டர், 72 மில்லி ஓம். 20 ஆம்பியரில் ஏறக்குறைய 1.4 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.6 வோல்ட். வீட்டு ஃபேனுக்குப் போடும் ஒயரை ரிக்குக்குப் போட்டுவிட்டு ரிக்கைத் திட்டுபவர்கள் நிறைய. ஃப்யூஸ் ஹோல்டரையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இழப்பு அங்கே.

அப்புறம் பேட்டரிச் சோதனை. பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ரிக்கை ஓட்டி அதே வாக்கியத்தைப் பேசுங்கள். 100 வாட் ரிக் என்றால் பவரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஹம் போய்விட்டால் குற்றவாளி பவர் சப்ளை. சிசிடிவி கேமராவுக்கு விற்கும் மலிவு எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங்) பவர் சப்ளைகளில் இது அடிக்கடி நடக்கும். ஆர்எஃப் உள்ளே போய் அதன் ரெகுலேஷனையே குழப்பிவிடும்.

5. டம்மி லோடு: பழுதை இரண்டாகப் பிரிக்கும் சோதனை

மொத்த வேலையிலும் அதிகப் பலன் தருவது இந்தப் படிதான், செலவோ ஐந்து நிமிடம். ஆன்டெனாவில் ஒரு பதிவு, டம்மி லோடில் ஒரு பதிவு. பவர், மைக் கெயின், வோல்டேஜ் எதையும் மாற்றக் கூடாது. டம்மி லோடில் பேசுவதை அதே அறையில் உள்ள இரண்டாவது ரிசீவரில் கேளுங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அதே அறையில் இருக்கும் ரிசீவருக்கு உங்கள் சிக்னல் இடிபோல இருக்கும். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ஒரு சாண் கம்பி மட்டும் வையுங்கள். ஆர்டிஎல்-எஸ்டிஆர் வெறும் 8 பிட் கருவி, சீக்கிரம் திணறும். திரையில் உச்சத்தைத் தொடாதபடி கெயினைக் குறையுங்கள்.

இரண்டிலும் கிழிசல் இருந்தால் ஆறாவது படியை விட்டு ஏழுக்குப் போங்கள். டம்மி லோடில் சுத்தமாக இருந்து ஆன்டெனாவில் மட்டும் கெட்டால் ரிக் நல்ல ரிக். மூடியைத் தொடாதீர்கள்.

6. திரும்பி வரும் ஆர்எஃப்

ஆன்டெனாவுக்குப் போக வேண்டிய ஆர்எஃப், கோஆக்ஸ் என்ற ஆன்டெனா கேபிளின் வெளிப்பக்கத் தோல் வழியாக ஷாக்குக்கு (ரிக் இருக்கும் அறைக்கு) திரும்பி, மைக் ஒயரில் ஏறி, ஆடியோ ஆம்ப்ளிஃபையரில் போய்க் குழப்புகிறது. பேச்சு ஆர்எஃப்பை உண்டாக்குகிறது, அந்த ஆர்எஃப் மறுபடி பேச்சோடு சேர்கிறது.

உறுதி செய்ய எளிய வழி பவரைக் குறைப்பது. 100 வாட்டில் கிழிந்து 10 வாட்டில் தெளிந்தால் ஏறக்குறைய உறுதி. மைக்கின் உலோகப் பகுதி உதட்டில் சுருக்கென்று குத்துவது, ரிக்கின் உடம்பைத் தொட்டால் குரல் மாறுவது, பேசும்போது பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் முனகுவது எல்லாம் இதே கதை.

முதலில் ஆன்டெனா பக்கம். அடுக்குமாடி மொட்டை மாடியில் எண்ட்-ஃபெட் ஆன்டெனா (ஒரு முனையில் சிக்னல் கொடுக்கும் கம்பி) போட்டவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறேன். அதன் 49:1 டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிர்க்கம்பி இல்லாவிட்டால் கோஆக்ஸின் தோலே எதிர்க்கம்பி ஆகிவிடும். அலைநீளத்தில் 0.05 பங்கு, அதாவது 40 மீட்டருக்கு ஏறக்குறைய 2 மீட்டர் கம்பியை டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் முனையில் கட்டுங்கள். டைபோல் என்றால் மையத்தில் சோக் பாலன் (கோஆக்ஸ் தோலில் ஓடும் ஆர்எஃப்பைத் தடுப்பது) இருக்க வேண்டும். எஃப்டி240-31 ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 கோஆக்ஸை 10 சுற்றுச் சுற்றினால் 7 மெகா ஹெர்ட்ஸுக்கு நல்ல சோக்.

பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலிருந்து பிடுங்கிய மஞ்சள் வளையம் இதற்கு உதவாது, அது இரும்புத் தூள். அதேபோல் ஒயரில் ஒரே ஒரு கிளிப் ஃபெரைட்டை மாட்டிவிட்டு "மாற்றமே இல்லையே" என்பவர்களும் உண்டு. ஒயர் ஒருமுறை நுழைந்தால் 7 மெகா ஹெர்ட்ஸில் அதன் தடை மிகக் குறைவு. தடை சுற்று எண்ணிக்கையின் வர்க்கமாக ஏறும். 4 சுற்றுப் போட்டால் 16 மடங்கு. பெரிய ஓட்டை உள்ள ஃபெரைட்டை வாங்கி நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள்.

ஆன்டெனா பக்கம் முடிந்த பிறகுதான் மைக் பக்கம். மைக் ஒயரின் ஷீல்டு போர்டுக்குள் நீண்டு போய் எர்த் ஆகக் கூடாது, நுழைவாயிலிலேயே ரிக்கின் உலோகப் பெட்டியில் சேர வேண்டும். சாக்கெட்டின் பின்னால் மைக் முனைக்கும் பெட்டிக்கும் இடையே 1 நானோ ஃபாரட் டிஸ்க் கெபாசிட்டரைக் கால் நறுக்கி, குட்டையாகச் சால்டர் செய்யுங்கள். கால் நீளமாக இருந்தால் பலன் போய்விடும். லேப்டாப் இணைத்திருந்தால் அதன் ஆடியோ, யுஎஸ்பி ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது தெளிகிறதோ அதற்குத்தான் ஃபெரைட்.

இந்த வரிசையை மாற்றி மைக்கில் மட்டும் கெபாசிட்டர் போட்டால் குரல் சரியாகிவிடலாம். ஆனால் கோஆக்ஸ் தோலில் ஓடும் ஆர்எஃப் அப்படியே இருக்கும். நாளைக்குப் பக்கத்து வீட்டு டிவி வழியாகப் புகார் வரும்.

7. மைக் கெயின், கம்ப்ரஸர், ஏஎல்சி

கடையில் வாங்கிய ரிக்கில் முதலில் எல்லா அலங்காரத்தையும் அணையுங்கள். கம்ப்ரஸர் அணைப்பு, ஈக்வலைஸர் சமன், மைக் கெயின் பூஜ்யம். டம்மி லோடில் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே கெயினை ஏற்றுங்கள். ஏஎல்சி (சிக்னல் அளவு மீறாமல் தானாகக் கட்டுப்படுத்தும் பகுதி) முள் உச்சத்தில் மட்டும் லேசாக அசையும் இடத்தில் நிறுத்துங்கள். ஏஎல்சி மீட்டரின் பச்சைப் பட்டை முழுதும் நிறைந்தால்தான் பவர் முழுதாகப் போகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. போவது பவர் இல்லை, பக்கத்து ஸ்டேஷனின் பொறுமை. கம்ப்ரஸர் வேண்டுமென்றால் இதற்குப் பிறகு ஏற்றுங்கள். முதலில் ஏற்றினால் கெயின் தப்பான இடத்தில் நின்றுவிடும்.

பிட்எக்ஸ்40இல் ஏஎல்சியே கிடையாது. கத்தினால் அப்படியே கடைசி ட்ரான்ஸிஸ்டர் வரை போய் மேல்பக்கம் தட்டையாகும். தடுப்பது உங்கள் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம்தான். இரண்டு விரல் இடைவெளி, மைக்கின் பக்கவாட்டில் பேச்சு போகட்டும்.

கம்ப்யூட்டர் டோனால் தகவல் அனுப்பும் எஃப்டி8 போன்ற டிஜிட்டல் மோடு என்றால் கம்ப்யூட்டரின் ஒலியளவைக் குறைத்து ஏஎல்சி அசையாமலே வைத்துக்கொள்ளுங்கள். டோனை 1500 முதல் 2000 ஹெர்ட்ஸுக்குள் வைப்பது நல்லது. ஆடியோவில் உண்டாகும் இரண்டாவது ஹார்மோனிக் 3000 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் விழும், ரிக்கின் ஃபில்டர் அதை வெட்டிவிடும். 500 ஹெர்ட்ஸ் டோனை அளவு மீறிக் கொடுத்தால் 1000, 1500 என்று உங்கள் பேய்கள் ஃபில்டருக்குள்ளேயே வரிசையாக நிற்கும்.

8. மைக்கை மாற்றிப் பாருங்கள்

வேறொரு மைக் மாட்டிப் பார்ப்பது எளிது. ஆனால் வகை தெரிய வேண்டும். எலக்ட்ரெட் மைக்குக்கு ரிக்கிலிருந்து சில வோல்ட் டிசி வேண்டும், டைனமிக் மைக்குக்கு அந்த டிசி ஆகாது. உள்ளே இருக்கும் காயிலை ஒரு பக்கமாகத் தள்ளிவைத்துவிடும், குரல் நெரிந்து வரும். டைனமிக் மைக்கை எலக்ட்ரெட் சாக்கெட்டில் போடுவதாக இருந்தால் நடுவில் 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வையுங்கள், ப்ளஸ் முனை ரிக் பக்கம்.

சுருள் ஒயரின் இரண்டு முனைகளையும் ஆட்டிப் பாருங்கள். ஷீல்டு அறுந்த மைக் ஒயர் ஹம்மையும் ஆர்எஃப்பையும் ஒன்றாக அழைத்து வரும்.

9. ஒற்றை டோன்: பிஎஃப்ஓவையும் கேரியரையும் பார்ப்பது

இதுவரை எதுவும் சிக்கவில்லை என்றால்தான் பழுது பெட்டிக்குள். இப்போதும் உடனே திறக்க வேண்டாம், வெளியிலிருந்தே பார்க்கலாம்.

டம்மி லோடு. ரிக் 7.100 மெகா ஹெர்ட்ஸ், எல்எஸ்பி (கீழ்ப் பக்கப்பட்டை). ஒரு செல்போனில் 1000 ஹெர்ட்ஸ் டோனை மைக்குக்கு முன் வையுங்கள். எஸ்டிஆர் திரையில் 7.099இல் ஒரு கோடு தெரிய வேண்டும். 7.100இல் கேரியர் (குரலைச் சுமக்கும் அடிப்படை அலை) அதைவிட 40 டெசிபல் அளவு கீழே இருக்க வேண்டும், 7.101இல் எதிர்ப் பக்கமும் அதேபோல. டாங்கிளும் ரிக்கும் சில நூறு ஹெர்ட்ஸ் தள்ளிக் காட்டலாம். கோடுகளுக்கு இடையே உள்ள தூரம்தான் முக்கியம்.

கேரியர் உயரமாக நின்றால் பேலன்ஸ்டு மாடுலேட்டர் (கேரியரை அடக்கும் பகுதி) சமன் குலைந்திருக்கிறது. கேரியரும் எதிர்ப் பக்கமும் சேர்ந்து உயர்ந்தால் பிஎஃப்ஓ ஃபில்டருக்குள் நுழைந்துவிட்டது. இப்போது டோனை 300இலிருந்து 3000 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். 300 முதல் 2700 வரை அதிகம் சரியாமல் வந்தால் நல்லது. 600க்குக் கீழே ஒன்றுமே இல்லை என்றால் பிஎஃப்ஓ ஃபில்டரை விட்டு வெகுதூரம் போயிருக்கிறது, தகர டப்பாக் குரலின் காரணம் அதுதான். 2000க்கு மேல் விழுந்துவிட்டால் போர்வைக் குரல்.

பிஎஃப்ஓவை ஃபில்டரின் சரிவில், நடுப்பகுதியைவிட ஏறக்குறைய 20 டெசிபல் கீழே இருக்கும் இடத்தில் வைப்பது வழக்கம். யுபிட்எக்ஸில் (பிட்எக்ஸ்40இன் பல பேண்ட் தம்பி) இது மெனுவிலேயே மாறும். கிரிஸ்டல் வைத்த போர்டுகளில் ட்ரிம்மரையோ கெபாசிட்டரையோ மாற்ற வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள்: அதே பிஎஃப்ஓதான் ரிசீவ் செய்யும்போதும் வேலை செய்கிறது. உங்கள் ரிசீவரிலும் எல்லோர் குரலும் தகரமாகக் கேட்டால் இந்த ஊகம் வலுக்கும். ரிசீவ் நன்றாக இருந்தால் பிஎஃப்ஓவைத் தொடுவதற்கு முன் இன்னொரு முறை யோசியுங்கள்.

10. இரட்டை டோன்

ஒற்றை டோனில் ஆம்ப்ளிஃபையரின் கோணல் அவ்வளவாகத் தெரியாது. இரண்டு டோன் சேரும்போதுதான் அவை ஒன்றோடொன்று கலந்து புதிய கோடுகளைப் பெற்றெடுக்கும். வழக்கமாக எடுப்பது 700, 1900 ஹெர்ட்ஸ். ஒன்று மற்றதன் மடங்கு இல்லை என்பதால் எது எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

இரண்டு செல்போன் இதற்குத்தான். ஒரே போனில் இரண்டு டோனையும் வாசித்தால் அதன் பொடி ஸ்பீக்கரே இரண்டையும் கலந்துவிடும், ரிக் மேல் பழி விழும். போனுக்கு ஒரு டோன் வையுங்கள். முதலில் ஒன்றை மட்டும் ஓடவிட்டுத் திரையில் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை நிறுத்தி மற்றதை ஓட்டி, போனை முன்னே பின்னே நகர்த்தி அதே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து. ஒவ்வொரு முறையும் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். பேச்சில் இடைவெளி உண்டு, டோனில் இல்லை. கடைசி ட்ரான்ஸிஸ்டர் வேகமாகச் சூடாகும்.

7.100 எல்எஸ்பியில் உங்கள் டோன்கள் 7099.3, 7098.1 கிலோ ஹெர்ட்ஸில் நிற்கும். இடைவெளி 1.2. கோணல் இருந்தால் அதே இடைவெளியில் இரண்டு பக்கமும் கோடுகள் முளைக்கும்: மேலே 7100.5, கீழே 7096.9. இவை மூன்றாம் வரிசைக் கலப்புகள். டோன்களைவிட 25 முதல் 30 டெசிபல் கீழே இருந்தால் 12 வோல்ட் ரிக்குக்கு அது சாதாரணம். 15 டெசிபல் மட்டுமே கீழே என்றால் காதிலேயே கேட்கும்.

அந்தக் கோடுகள் உங்கள் ரிக்கில் பிறந்தனவா, டாங்கிளில் பிறந்தனவா? ரிசீவருக்கு முன்னால் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் போடுங்கள், அல்லது டோன்கள் 10 டெசிபல் இறங்கும் அளவுக்குக் கம்பியைத் தள்ளி வையுங்கள். கலப்புக் கோடும் 10 டெசிபலே இறங்கினால் அது ரிக்கிலிருந்து வருவது. 30 டெசிபல் அளவு சரிந்தால் டாங்கிள் செய்த பொய். இதைச் செய்யாமல் நல்ல ரிக்கைப் பிரித்தவர்கள் உண்டு.

இப்போது டிரைவை மாற்றிப் பாருங்கள். குறைக்கக் குறைக்கக் கலப்புக் கோடுகள் டோன்களைவிட வேகமாகச் சரிந்தால் காரணம் அளவு மீறிய டிரைவ், ஏழாவது படிக்குத் திரும்புங்கள். டிரைவைக் குறைத்தும் அவை சரியாமல் அடம்பிடித்தால் பயாஸ். ஸ்கோப் இருப்பவர்களுக்கு இன்னும் எளிது. உச்சி தட்டையாக இருந்தால் டிரைவ். அலை சுருங்கிக் கோட்டைத் தொடும் இடத்தில் கூர்மையாகக் கடக்காமல் படுத்துக்கிடந்தால் பயாஸ்.

11. பயாஸ்: இப்போது மூடியைத் திறக்கலாம்

பிட்எக்ஸ்40இன் கடைசி நிலையில் ஒரு ஐஆர்எஃப்510 இருக்கிறது. மலிவான மாஸ்ஃபெட், ஆர்எஃப்புக்காகச் செய்யப்பட்டதல்ல, ஆனாலும் நன்றாக உழைக்கும். அதன் முதுகில் உள்ள உலோகத் தகடு ட்ரெயின் முனை, அதில் சப்ளை வோல்டேஜ் இருக்கும். ஹீட் ஸிங்க்குக்கும் அதற்கும் இடையே மைக்கா தகடு இருக்கிறதா, ஸ்க்ரூவுக்கு வாஷர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டம்மி லோடை மாட்டுங்கள். மைக் எலிமெண்டைக் கழற்றிவிட்டு, அழுத்து முனையை மட்டும் எர்த் செய்யும்படி வையுங்கள். மூச்சு விட்டாலும் கரண்ட் ஏறும் என்பதால்தான் இது. பிட்எக்ஸ்40இல் கடைசி நிலைக்குத் தனி சப்ளை ஒயர் வருகிறது. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் அந்த ஒயருக்குள் வரிசையாக இணையுங்கள்.

பயாஸ் ட்ரிம்மரைக் குறைந்த முனைக்குக் கொண்டுபோய்விட்டு ட்ரான்ஸ்மிட்டை அழுத்துங்கள். கரண்ட் பூஜ்யம் காட்ட வேண்டும். இனி மயிரிழை அளவு திருப்புங்கள். வெகுநேரம் ஒன்றுமே நடக்காது. இந்த மாஸ்ஃபெட் கேட்டில் 2 முதல் 4 வோல்ட்டுக்குள் எங்கோதான் விழித்துக்கொள்ளும், ஒவ்வொன்றுக்கும் இடம் வேறு. விழித்த பிறகு கரண்ட் தடாலென்று ஏறும். அந்த வெற்று இடத்தில் பொறுமை இழந்து வேகமாகத் திருப்புகிறவர்கள்தான் ட்ரான்ஸிஸ்டரை எரிக்கிறார்கள். 100 மில்லி ஆம்பியரில் நிறுத்துங்கள்.

ஒரு நிமிடம் கவனியுங்கள். சூடு ஏற ஏற அதே கேட் வோல்டேஜில் கரண்டும் ஏறும். 120க்குப் போய் நின்றால் கொஞ்சம் குறைத்து 100க்குக் கொண்டுவாருங்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் அழுத்தத்தை விடுங்கள். ஹீட் ஸிங்க் போதவில்லை அல்லது சரியாக ஒட்டவில்லை. பேசாமலிருக்கும்போதே பவர் மீட்டர் அசைந்தாலோ கரண்ட் திடீரென்று குதித்தாலோ அது பயாஸ் இல்லை, ஆம்ப்ளிஃபையர் தானாக ஆஸிலேட் ஆகிறது. உள்ளே வரும் ஒயரும் வெளியே போகும் ஒயரும் பக்கத்தில் கிடக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டு ஐஆர்எஃப்510 உள்ள யுபிட்எக்ஸில் இரண்டு ட்ரிம்மரையும் குறைத்துவிட்டு முதலில் ஒன்றை 100 மில்லி ஆம்பியர் ஏற்றுங்கள், அதன் மேல் இரண்டாவதை இன்னொரு 100. கடைசி நிலைக்குத் தனியாக 24 வோல்ட் கொடுத்து ஓட்டுகிறவர்கள் அந்த வோல்டேஜிலேயே பயாஸை மறுபடி அளக்க வேண்டும்.

கடையில் வாங்கிய ரிக்குகளுக்கு 100 மில்லி ஆம்பியர் கணக்கு பொருந்தாது, அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ளதே அளவு. வால்வு போட்ட பழைய ரிக் என்றால் உள்ளே உயிரை எடுக்கும் வோல்டேஜ் அணைத்த பிறகும் நிற்கும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் திறக்க வேண்டாம்.

12. சுருதி ஆடினால், சிடபிள்யூ டோன் கெட்டால்

சிடபிள்யூவில் (மோர்ஸ் முறையில்) டோன் 9 (தூய டோனுக்கான முழு மதிப்பெண்) வராமல் "கூவுகிறது" என்று ரிப்போர்ட் வந்தாலும், எஸ்எஸ்பியில் இழுத்த "ஆ" நெளிந்தாலும் இடம் ஒன்றுதான். ஆஸிலேட்டருக்கு வோல்டேஜ் கொடுக்கும் ரெகுலேட்டரின் வெளிமுனையில் மல்டிமீட்டரை வைத்து, கீயை அழுத்துங்கள். துளி அசைவும் இருக்கக் கூடாது. 7809 ரெகுலேட்டருக்கு உள்ளே குறைந்தது 11 வோல்ட் வேண்டும். பாதி இறங்கிய பேட்டரி ட்ரான்ஸ்மிட்டில் 10.8க்குப் போனால் ரெகுலேட்டர் கைவிட்டுவிடும், ஆஸிலேட்டர் வழுக்கும். இதற்காக ஆஸிலேட்டரின் காயிலைத் திருகிப் பிரயோஜனமில்லை.

வோல்டேஜ் அசையாமலிருந்தும் ஆடினால், கடைசி நிலையின் ஆர்எஃப் ஆஸிலேட்டருக்குள் போகிறது. இரண்டுக்கும் நடுவே எர்த் செய்த தகரத் தடுப்பு வைத்துப் பாருங்கள்.

13. மறுபடி பேண்டில்

மூடியைப் போட்டு ஸ்க்ரூவை முறுக்கிய பிறகே கடைசிச் சோதனை. திறந்த பெட்டியும் மூடிய பெட்டியும் ஆர்எஃப்புக்கு ஒன்றல்ல. டம்மி லோடில் அதே வாக்கியம், அதே மைக் தூரம். பிறகு ஆன்டெனா. காலியான அலைவரிசையைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, கால் சைனை (உங்கள் அழைப்புக் குறியை) சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

முதலில் குறை சொன்னவரையே தேடிப் பிடித்து ரிப்போர்ட் கேளுங்கள், அவர் காதுக்குப் பழைய குரல் நினைவிருக்கும். ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசிய பிறகு இன்னொரு முறை கேளுங்கள். சூடேறிய பிறகு மட்டும் தலைகாட்டும் கிழிசல் முதல் நிமிடத்தில் வராது. அப்படி வந்தால் பதினொன்றாவது படியின் அந்த ஒரு நிமிடக் காத்திருப்பை ஐந்து நிமிடமாக நீட்டிக் கரண்டைப் பாருங்கள். நடுவில் ட்ரான்ஸிஸ்டருக்கு ஓய்வு கொடுக்க மறக்காதீர்கள்.